உலோகத் தோழி: வேதியியல் அறிஞர் பால் சபாத்தியே

நம் இலக்கிய வட்டம் பத்தாண்டு நிறைவு காணும் இவ்வேளையில், மறைந்த சான்றோர் ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் பணித்தனர். 1920களில் வ. வே. சு. ஐயர் குருகுலம் நடத்திய சேரன்மகாதேவி மண்ணில், தமிழ்ப் புலவர் ஒருவரை விடுத்துப் பிரெஞ்சு நாட்டு வேதியியலார் ஒருவரை நான் தேர்ந்தமை அன்பர்கள் சிலர்க்கு வியப்பளிக்கலாம். என் தேர்வுக்குக் காரணங்கள் உள. அவர் கண்ட ஒரு வினை நம் வீட்டு அடுக்களை வரை வந்து, அரை நூற்றாண்டுக்கு மேல் தங்கியிருந்தது. அவர் வாழ்ந்த ஊரோ நம்மைப் போன்ற வட்டங்கள் அறிந்து கொள்ளவேண்டிய ஊர்.

அவ்வூரின் பெயர் துலூஸ். பிரான்சின் தென்பகுதியில் கரோன் என்னும் ஆற்றங்கரையில் அமைந்தது. அங்கு 1323 ஆம் ஆண்டில் எழுவர் கூடிப் பாவலர் கழகம் ஒன்றைத் தோற்றுவித்தனர். மறு ஆண்டில் போட்டி நடத்தி, சிறந்த பாடலுக்குப் பொன்னால் செய்த ஊதாப்பூ ஒன்றைப் பரிசளித்தனர். மேலை நாட்டின் மிகப் பழைய இலக்கியக் கழகம் இதுவே எனக் கொள்வர். அம்மக்களின் தாய்மொழி ஒக்சித்தான். பாரிசு நகரத்தின் ஆட்சியும் மொழியும் ஓங்க ஓங்க, அது பள்ளியிலிருந்தும் மன்றத்திலிருந்தும் ஒதுக்கப்பட்டது. தலைநகரிலிருந்து தொலைவில், ஆற்றோரத்தில், கவிதையை விடாது பற்றிக்கொண்ட அந்நகரத்தில்தான் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் வாழ்ந்து, பாரிசு அழைத்தபோதும் போக மறுத்தவர் பால் சபாத்தியே.

அவர் பிறந்தது துலூசுக்குக் கிழக்கே உள்ள கார்க்கசோன் என்னும் கோட்டை நகரில். ஆண்டு 1854, நவம்பர்த் திங்கள் 5 ஆம் நாள். பள்ளிப் படிப்பைத் தென்னாட்டிலேயே முடித்தபின், 1874 ஆம் ஆண்டில் பாரிசின் புகழ்மிக்க ஆசிரியப் பயிற்சி உயர்கல்லூரியில் சேர்ந்தார். 1877 இல் இயற்பியல் தேர்வில் முதலிடம் பெற்று வெளிவந்தார். நீம் நகரத்துப் பள்ளியில் ஓராண்டு ஆசிரியப் பணி. பின்னர் அக்காலப் பிரெஞ்சு வேதியியலின் முடிசூடா மன்னராக விளங்கிய பெர்த்தலோவிடம் உதவியாளராக அமர்ந்தார். கந்தகச் சேர்மங்களின் வெப்பவியலை ஆய்ந்து 1880 இல் முனைவர் பட்டம் பெற்றார். கந்தகத்தை இங்கே மனத்தில் இருத்திக் கொள்க. அது பின்னர் இவருக்குப் பெரும் பகையாக வந்து நிற்கும்.

பெர்த்தலோ அணுக்கொள்கையை ஏற்காதவர். ஆயினும் கல்வித்துறையில் அவர் சொல்லே சட்டமாக இருந்தது. ஆசானின் நிழலில் ஒதுங்கிப் பாரிசிலேயே பதவி தேடும் வழி இளைஞர் சபாத்தியேக்குத் திறந்திருந்ததா என்பது ஐயமே. அவர் பாரிசை விட்டுப் புறப்பட்டார். போர்தோ நகரில் ஓராண்டு கழித்து, 1882 இன் தொடக்கத்தில் துலூசுக்கு வந்து சேர்ந்தார். 1884 இல், பேராசிரியர் ஆவதற்கு வேண்டிய குறைந்த அகவையாகிய முப்பதை எட்டியதும் வேதியியல் பேராசிரியரானார். அதன்பின் வேறெங்கும் போகவில்லை. மணம் புரிந்து நான்கு பெண் மக்களுக்குத் தந்தையானார். 1898 இல் மனைவியார் மறைந்தார். மறுமணம் செய்து கொள்ளாமலே பெண்களை வளர்த்தார். பேச்சுக் குறைந்தவர், ஓவியத்திலும் தோட்டக்கலையிலும் ஈடுபாடு மிக்கவர் என்று அவரைப் பற்றி எழுதியோர் குறித்துள்ளனர். அவருடைய பேராய்வுகள் தொடங்கிய ஆண்டுகளும் இல்லத்தில் இழப்பு நேர்ந்த ஆண்டுகளும் ஒன்றே என்பதை அவர்களுள் பலர் ஒரு வரியில் கடந்து போகின்றனர்.

இனி அவ்வாய்வுகளைச் சற்று விரிவாகக் காண்போம்.

1890 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் மோந்து என்பாரும் அவர்தம் துணைவரும் கார்பன் மோனாக்சைடு வளியை நிக்கல் உலோகத்தின்மேல் செலுத்தி, எளிதில் ஆவியாகும் புதுப்பொருள் ஒன்றைப் பெற்றனர். உறுதியான உலோகம் வளியோடு சேர்ந்து ஆவியாகப் பறந்தது வேதியியலாரை மருட்டியது. சபாத்தியே வேறொன்றை எண்ணினார். கார்பன் மோனாக்சைடு நிறைவு பெறாத மூலக்கூறு. இன்னும் இணைவதற்கு இடம் வைத்திருப்பது. அப்படியானால் நிறைவு பெறாத பிற வளிகளும் உலோகத்தைப் பற்றிக்கொள்ள வேண்டுமன்றோ? முதலில் நைட்ரசன் ஆக்சைடுகளை எடுத்துக் கொண்டு, தாமிரத்தின்மேல் செலுத்திப் பார்த்தார். (தாமிரத்தைத் தன் பெயரிலேயே தாங்கிய ஆற்றின் கரையில் இதனை எழுதுகிறேன் என்பது எனக்கொரு தனி மகிழ்ச்சி.) எண்ணியது நடந்தது. அப்போது அவரோடு தோள் நின்றவர் செந்தெரென்ஸ் என்னும் கத்தோலிக்கப் பாதிரியார். துலூசின் கத்தோலிக்கக் கல்விக்கூடத்தில் வேதியியல் கற்பித்தவர். சபாத்தியேயை விட இரண்டே அகவை இளையவர்.

அடுத்து எத்திலீன். இரு கார்பன் அணுக்கள் தம்முள் ஒன்றுக்கு இரண்டாகக் கைகோத்து நிற்கும் இவ்வளியும் நிறைவு பெறாததே. இதனைத் தொடங்க முற்பட்ட வேளையில், 1896 இல், பாரிசின் முவாசானும் மூரூவும் எத்திலீனின் உறவாகிய அசெட்டிலீனை நிக்கலின்மேல் செலுத்திய செய்தி வெளிவந்தது. உலோகம் கனன்று ஒளிர்ந்தது, கரி படிந்தது, வளி சிதைந்து ஐதரசன் வந்தது என்றனர். உலோகத்தின் நுண்துளைகள் வளியை உறிஞ்சிச் சூடேற்றியதே காரணம் என்றும் கூறி அமைந்தனர்.

சபாத்தியேயின் பண்பு விளங்கும் இடம் இது. வெளிவந்த வளி முழுதும் ஐதரசன்தானா என்னும் ஐயம் அவருக்கு எழுந்தது. ஆயினும் உடனே ஆய்வுக்கூடத்துக்குள் ஓடவில்லை. வயலைத் தாம் உழப் போகிறார்களா என்று பக்கத்து வயற்காரரைக் கேட்பதுபோல், அவ்வாய்வை மேலும் தொடரும் எண்ணம் உண்டா என முவாசானைக் கேட்டறிந்தார். அவர்கள் கைவிட்டனர் என்று தெரிந்த பின்னரே, 1897 இல் செந்தெரென்சுடன் சேர்ந்து, எத்திலீனைச் சூடான நிக்கலின்மேல் செலுத்தினார். உலோகம் ஒளிர்ந்தது, கரியும் படிந்தது. வெளிவந்த வளியைப் பகுத்தாய்ந்தால் அதில் ஐதரசன் சிறிதே, பெரும்பகுதி ஈத்தேன். அதாவது எத்திலீனின் ஒரு பகுதி சிதைந்து ஐதரசனை ஈந்தது. அந்த ஐதரசனை எஞ்சிய எத்திலீன் ஏற்று நிறைவு பெற்றது. உலோகம் சிதைப்பதற்கு மட்டுமன்று, சேர்ப்பதற்கும் துணை நின்றது.

அப்படியாயின் எத்திலீனையும் ஐதரசனையும் முன்னமே கலந்து செலுத்தினால் என்ன? 30 முதல் 40 டிகிரி வெப்பத்திலேயே, கோடைக்கால நெல்லைச் சீமையின் வெப்பத்தளவே போதும் என்னும்படி, அவை ஒன்றாகி ஈத்தேன் ஆயின. அதன்பின் வினை வினையாகப் பெருகிற்று. 1901 இல் எவர்க்கும் எளிதில் இணங்காத பென்சீனை ஆவியாக்கி, ஆறு ஐதரசன் அணுக்களை ஏற்க வைத்தனர். 1902 இல் கார்பன் மோனாக்சைடையும் கார்பன் டை ஆக்சைடையும் ஐதரசனோடு சேர்த்து மீத்தேனும் நீரும் ஆக்கினர். இந்த இரண்டாம் வினை சபாத்தியே பெயரால் இன்றும் வழங்குகிறது. 2010 இல் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் இதற்கென ஒரு கருவியைப் பொருத்தி, விண்வெளி வீரர் விட்ட மூச்சிலிருந்து நீரை மீட்டனர்.

இவ்வளவும் எளிதாக நடந்தன என்று எண்ணல் ஆகாது. நிக்கல் மிகுந்த நொய்ம்மை உடையது. பென்சீனில் கந்தகத்தின் சிறு சாயல் இருந்தாலும் உலோகம் செயலிழந்து போகும். வேதியியலார் இதனை நஞ்சேறுதல் என்றே வழங்குவர். கந்தகத்தை ஆய்ந்து பட்டம் பெற்றவர் அக்கந்தகத்தைத் துரத்தித் துரத்தி நீக்குவதிலேயே காலம் செலவிட நேர்ந்தது. உயிருள்ள நொதி நஞ்சுண்டு மடிவது போலவே உலோகமும் மடிகிறது என அவரே ஒப்பிட்டுள்ளார்.

உலோகம் செய்தது என்ன? இவ்வினாவில்தான் அவர் தம் காலத்தாரின் கருத்திலிருந்து பிரிந்தார். தான் மாறாமல் பிறவற்றின் வினையை விரைவுபடுத்தும் பொருளுக்கு 1835 இல் சுவீடன் நாட்டுப் பெர்செலியசு கிரேக்கச் சொல்லால் ஒரு பெயரிட்டார்; தளர்த்துதல் என்பது அதன் அடிப்பொருள். தமிழ்ப் பாடநூல்கள் அதனை வினைவேக மாற்றி என்றன. பின்னர் வினையூக்கி என்றன. ஊக்கி என்னும் சொல் எனக்குச் சற்றே இடறுகிறது. ஓடுவோரைக் கரையிலிருந்து கைதட்டி ஊக்குபவர் களத்தில் இறங்குவதில்லை. சபாத்தியே கூறியதோ இதற்கு மாறானது. நுண்துளை, உறிஞ்சல், சூடேற்றம் என்ற புறக்காரணங்களை அவர் ஏற்கவில்லை. நிக்கல் ஐதரசனோடு மெய்யாகவே சேர்கிறது. நிலையற்ற சேர்மம் ஒன்று தோன்றுகிறது. அச்சேர்மம் தன் ஐதரசனை எத்திலீனுக்கு ஈந்துவிட்டு மீண்டும் வெறும் நிக்கலாகிறது என்றார். அந்தச் சேர்க்கை மிகத் தளர்வாக இருந்தால் வினை தொடங்காது. மிக இறுகினால் உலோகம் விடுபடாது. இவ்விரண்டின் நடுவே நிற்கும் உலோகமே வினைக்கு ஏற்றது. வேதியியலார் இதனைச் சபாத்தியே நெறி என்று இன்றும் கற்பிக்கின்றனர்.

அகப்பாடல்களில் தோழி கூற்றுகளை ஆய்ந்தவள் என்ற முறையில் இந்நெறியைப் படித்தபோது எனக்குத் தோன்றியது பாங்கியிற் கூட்டம். தோழி கரையில் நின்று கைகாட்டுபவள் அல்லள். தலைவனின் குறையைத் தான் ஏற்கிறாள்; தலைவியின் நாணத்தைத் தான் சுமக்கிறாள்; இருவரிடையிலும் தன்னை வைத்துக் கூட்டுவிக்கிறாள். பின் விலகி நிற்கிறாள். கூட்டம் நிகழ்ந்தபின் அவளைத் தேடினால் முன்னிருந்தபடியே இருப்பாள். அவளுக்குப் பெயரும் இல்லை. ஒப்புமையை மிக நீட்ட விரும்பவில்லை; ஆனால் வினையூக்கி என்னும் சொல்லைக் காட்டிலும் தோழி என்னும் சொல் சபாத்தியேயின் கருத்துக்கு அணிமையானது என்பது என் துணிபு.

பெயரில்லாமல் போன துணை என்றதும் செந்தெரென்சைச் சொல்லியாக வேண்டும். 1890களின் தொடக்கம் முதல் பத்தாண்டுக்கு மேலாக வெளிவந்த கட்டுரைகளில் இருவர் பெயரும் இணைந்தே உள்ளன. எத்திலீன் ஆய்வும் அதில் அடங்கும், பென்சீனும் அடங்கும். பின்னர் இருவரும் தனித்தனி வழியில் சென்றனர்; சபாத்தியேக்கு மாயி என்னும் வேறொருவர் துணையானார். 1912 இல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது, சபாத்தியேயோடு பங்கு பெற்றவர் செந்தெரென்சு அல்லர். மக்னீசியச் சேர்மங்களால் புகழ்பெற்ற விக்தோர் கிரீன்யார். கிரீன்யாருக்கும் ஓர் ஆசான் இருந்தார். பார்பியே என்னும் அவ்வாசானே அப்பாதையை முதலில் காட்டியவர். அவர்க்கும் பரிசு இல்லை. பரிசு பெற்ற கிரீன்யார் நண்பர் ஒருவர்க்கு எழுதிய மடலில், முதலில் சபாத்தியேயும் செந்தெரென்சும் பகிர்ந்து பெற்றிருக்கலாம், தாம் சிறிது காத்திருந்து பார்பியேயுடன் பின்னர் பெற்றிருக்கலாம் என்ற கருத்தை மனம் திறந்து தெரிவித்துள்ளார். பரிசு வாங்கிய கையே அப்படி எழுதியது எனக்குப் பெரிதாகப் படுகிறது. சபாத்தியே தம் நோபல் உரையில் செந்தெரென்சின் பெயரைச் சொல்லத் தவறவில்லை என்பதையும் நடுநிலையோடு குறிக்க வேண்டும். ஆனால் பரிசுப் பட்டியலில் இடம் பெறுவது வேறு, உரையில் இடம் பெறுவது வேறு.

பரிசுக்கு முன்னரே பாரிசு அவரை நாடிற்று. 1907 இல் பெர்த்தலோவும் முவாசானும் ஒரே ஆண்டில் மறைந்தனர். ஆசானின் இருக்கையும், அசெட்டிலீன் ஆய்வைக் கைவிட்டவரின் இருக்கையும் வெறுமையாயின. இரண்டுக்கும் சபாத்தியே பெயர் எழுந்தது. இரண்டையும் மறுத்தார். துலூஸ் பல்கலைக்கழக அறிவியல் புலத்தின் தலைவராக 1905 முதல் 1929 வரை இருந்து, வேதியியல், மின்னியல், வேளாண்மை ஆகியவற்றுக்குத் தனி நிறுவனங்கள் அமைய உழைத்தார். பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் முழு உறுப்பினர் பாரிசில் குடியிருக்க வேண்டும் என்பது பழைய விதி. அவர் பாரிசுக்குப் போகாததால் விதியே இடம் பெயர்ந்தது: 1913 இல் வெளியூர் உறுப்பினர்க்கென இடங்கள் ஏற்படுத்தப்பட்டு, முதலாமவராக அவர் தேர்வுபெற்றார். நூல் அச்சிட வேண்டுமானால் சென்னை, மேடை வேண்டுமானால் சென்னை என்று கேட்டே வளர்ந்த நமக்கு இச்செய்தி இனிக்கும்.

அவர் வினை அடுக்களைக்கு வந்த கதைக்கு இனி வருவோம்.

சபாத்தியே எப்போதும் பொருள்களை ஆவியாக்கியே உலோகத்தின்மேல் செலுத்தினார். எண்ணெயை அவ்வாறு ஆவியாக்க இயலாது. செருமனி நாட்டு வில்கெல்ம் நார்மன் அவ்வாய்வுகளைப் படித்து, நீர்ம நிலையிலுள்ள எண்ணெயில் நிக்கல் பொடியைக் கலந்து ஐதரசனைச் செலுத்தினார். எண்ணெய் உறைந்து கொழுப்பாயிற்று. 1902 இல் உரிமம் பெற்றார். மலிவான எண்ணெயை நெய்போல் இறுக வைக்கும் இக்கலை விரைவில் உலகெங்கும் பரவியது. 1911 இல் அமெரிக்காவில் கிரிஸ்கோ வந்தது. 1937 இல் இந்தியாவில் டால்டா வந்தது. பனைமரப் படம் போட்ட அந்த மஞ்சள் தகரடப்பாவை அறியாத வீடு நம் பக்கத்தில் இல்லை. உள்ளிருந்தது தீர்ந்தபின் அது அரிசி அளக்கவும் துளசி வளர்க்கவும் பயன்பட்டது. அல்வாவுக்கு நெய்யே மரபு என்னும் திருநெல்வேலிச் சீமையிலும் வனஸ்பதி பந்திக்குப் பந்தி நுழைந்தது. நெய்யில் கலந்து விற்போரைப் பிடிப்பதற்கென்றே வனஸ்பதியில் நூற்றுக்கு ஐந்து பங்கு நல்லெண்ணெய் சேர்க்க வேண்டும் எனச் சட்டம் விதித்தது. நல்லெண்ணெய் இருந்தால் அமிலச் சோதனையில் செந்நிறம் தோன்றும். கள்ளத்தைக் காட்டிக்கொடுக்கும் சான்றாக எள்ளை அமர்த்திய அறிவு பாராட்டுக்குரியது.

வனஸ்பதியில் எவரும் விதிக்காத வேறொன்றும் இருந்தது. அதனை விளக்கச் சிறிது பின்னோக்கிச் செல்ல வேண்டும். சபாத்தியே உயர்கல்லூரியில் சேர்ந்த அதே 1874 இல், ஆலந்து நாட்டு இளைஞர் வான்ட் ஹாப், மூலக்கூறுகளுக்கு நீள அகலத்தோடு உயரமும் உண்டு என்று அறிவித்தார். இரு கார்பன் அணுக்களை இணைக்கும் ஒற்றைப் பிணைப்பு அச்சுப்போல் சுழலும். இரட்டைப் பிணைப்போ இரு ஆணி அறைந்த மரம்போல் சுழலாது. ஆகவே அதன் இருபுறமும் நீளும் சங்கிலிகள் ஒரே பக்கத்தில் அமையலாம். எதிரெதிர்ப் பக்கத்திலும் அமையலாம். முன்னதை ஒருபக்க மாற்றியம் என்றும் பின்னதை மறுபக்க மாற்றியம் என்றும் நம் பாடநூல்கள் கூறும். சிஸ், டிரான்ஸ் என்பனவும் வழக்கு. அணுக்கள் அவையே, எண்ணிக்கை அதுவே, அமைப்பு மட்டும் வேறு. தாமரை என்னும் பொதுமொழியை ஒன்றாகப் படித்தால் மலர். தா, மரை எனப் பிரித்தால் தாவும் மான். எழுத்தில் மாற்றமில்லை.

ஒலியிக் அமிலம் 18 கார்பன் கொண்ட சங்கிலி. நடுவே, 9 ஆம் 10 ஆம் கார்பன்களுக்கிடையே ஓர் இரட்டைப் பிணைப்பு. இயற்கையில் அது ஒருபக்க அமைப்பு உடையது. ஆகவே சங்கிலி நடுவில் வளைந்திருக்கும். அதன் மறுபக்க மாற்றியமாகிய எலைடிக் அமிலம் ஏறத்தாழ நேராக இருக்கும். பத்தமடைப் பாய் நெய்வோர் கையிலுள்ள கோரையை எண்ணிப் பாருங்கள். நேரான கோரை ஒன்றோடொன்று நெருங்கி இறுகப் படியும். வளைந்த கோரை நெருங்காது. அதுபோல் ஒலியிக் அமிலம் 13 டிகிரியிலேயே உருகிவிடும். எலைடிக் அமிலம் உருக 44 டிகிரி வேண்டும்.

நிக்கலின்மேல் எண்ணெய் படியும்போது இரட்டைப் பிணைப்புக்கு இரு ஐதரசன் அணுக்களும் ஒருசேர வருவதில்லை; ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. முதல் அணு சேர்ந்ததும் இரட்டைப் பிணைப்பு ஒற்றையாகிறது; ஒற்றை ஆனதால் சங்கிலி சுழலலாகிறது. இரண்டாம் அணு வந்துவிட்டால் நிறைவு. வாராமல், முதலில் வந்த அணுவும் விலகிப் போனால், இரட்டைப் பிணைப்பு மீண்டும் அமைகிறது. ஆனால் சங்கிலி சுழன்று நின்ற நிலையில், பெரும்பாலும் மறுபக்கமாக அமைகிறது. 1934 இல் ஒரியூதி, பொலானி என்னும் இருவர் இப்படிநிலை விளக்கத்தை அளித்தனர். உலோகம் வினையில் மெய்யாகவே நுழைகிறது என்று சபாத்தியே வற்புறுத்தியது சரியாயிற்று. நுழைந்தது வெறுங்கையோடு திரும்பவில்லை என்பதும் தெரிந்தது. எண்ணெயை முழுதும் ஐதரசனேற்றம் செய்யாமல் பாதியில் நிறுத்தினால்தான் நெய்ப்பதம் வரும். அப்பாதியில் நிறுத்திய கொழுப்பில்தான் மறுபக்க மாற்றியம் குவிந்து கிடந்தது.

அதன் தீமை வெளிப்பட நெடுநாள் ஆயிற்று. 1990 இல் ஆலந்து நாட்டு மென்சிங்கும் கத்தானும் நடத்திய உணவாய்வில், இக்கொழுப்பு இரத்தத்தில் தீய கொழுமியத்தைக் கூட்டுவதோடு நல்லதைக் குறைப்பதும் புலனாயிற்று. இதய நோய்க்கு அது வழி. 2018 இல் உலக நலவாழ்வு நிறுவனம் இதனை உணவிலிருந்து நீக்க அறைகூவியது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் எண்ணெய் கொழுப்புகளில் இதன் அளவை 2021 இல் நூற்றுக்கு 3 ஆகவும், 2022 சனவரியில் 2 ஆகவும் வரம்பிட்டது. சபாத்தியே வினையை எண்ணெயில் செய்தவரும் அல்லர், விற்றவரும் அல்லர். அவர்மேல் பழி சுமத்துவது நேர்மையன்று. ஆயினும் ஐதரசன் சேர்ந்ததா என்று கேட்ட அக்காலத் தலைமுறை, சேராமல் விட்டுச் சென்ற இடத்தில் வடிவம் என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. கேட்கும் கருத்து 1874 லேயே பிறந்திருந்தது.

பின்வந்தோர் கேட்டனர். 1952 இல் பாசல் நகரத்து மருந்து நிறுவனத்தில் பணியாற்றிய லிண்ட்லார், வைட்டமின் ஏ ஆக்கும் வேலையில், பல்லேடியம் உலோகத்துக்கு வேண்டுமென்றே ஈயத்தால் நஞ்சூட்டினார். மும்மைப் பிணைப்பு உடைய பொருளை இம்மெலிந்த உலோகத்தின்மேல் விட்டால், அது இரட்டைப் பிணைப்போடு நின்றுவிடும். ஐதரசன் இரண்டும் உலோகம் இருக்கும் பக்கத்திலிருந்தே வருவதால் ஒருபக்க மாற்றியமே கிடைக்கும். சபாத்தியேக்குப் பகையாக இருந்த நஞ்சு இங்கே கருவியாயிற்று. நஞ்சை அளவறிந்து மருந்தாக்கும் கலை பொதிகைச் சித்தர் மரபை அறிந்த நமக்குப் புதிதன்று. இரட்டைப் பிணைப்புகளை உலோகத்தின் துணையால் கைமாற்றி அமைக்கும் முறைக்காக 2005 இல் சோவென், கிரப்ஸ், சுராக் மூவர் நோபல் பரிசு பெற்றனர். அம்முறையிலும் ஒருபக்கமா மறுபக்கமா என்பதை ஆளும் உலோகச் சேர்மங்கள் பின்னர் உருவாயின.

இவ்வேறுபாடு எத்துணை நுண்ணியது என்பதற்கு அன்பர்கள் வேறெங்கும் போகவேண்டா. இப்பக்கத்தை வாசிக்கும் கண்ணின் உட்திரையில் ரெட்டினால் என்னும் பொருள் உள்ளது. ஒளி பட்டதும் அதன் ஒரேயொரு இரட்டைப் பிணைப்பு ஒருபக்கத்திலிருந்து மறுபக்கமாகத் திரும்புகிறது. பார்வை அங்கிருந்துதான் தொடங்குகிறது. இதனைத் துலக்கிய ஜார்ஜ் வால்ட் 1967 இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். கண்ணைப் பாடாத கவிஞர் நம் வட்டத்தில் ஒருவரும் இல்லை. இதையும் யாரேனும் பாடலாம்.

சபாத்தியே தம் ஆய்வுகளைத் தொகுத்து 1913 இல் நூலாக்கினார். 1922 இல் அது ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டது. 1930 இல் ஓய்வுபெற்ற பின்னரும் வகுப்பெடுப்பதை விடவில்லை. பிரான்சு செருமனியிடம் தோற்று நாடு இரண்டாகப் பிளவுண்டு கிடந்த நாளில், 1941 ஆகஸ்டு 14 ஆம் நாள், எண்பத்தாறாம் அகவையில் துலூசிலேயே மறைந்தார். 1969 இல் அந்நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு அவர் பெயரைச் சூட்டினர். செந்தெரென்சு அவருக்கு நான்காண்டு முன்னரே, 1937 இல், காலமாகியிருந்தார். எத்திலீன் கட்டுரையின் தலைப்பில் இரு பெயரும் அச்சிட்டபடியே இருக்கின்றன.